ஓடி எடுத்தால் உண்மையில் எவ்வளவு போகும்? கொழும்பு வங்கிகளின் மேலதிகப்பற்று வசதி ஒரு மதிப்பீடு

வங்கிக் கடிதத்தில் அது மேலதிகப்பற்று. புறக்கோட்டையில் எல்லாருக்கும் அது ஓடி, ஓவர்டிராஃப்ட் என்பதன் சுருக்கமான OD. நான்காம் குறுக்குத்தெருவில் வெங்காயமும் பருப்பும் மொத்தமாகப் போடுகிறவர், கெய்சர் வீதித் துணிக்கடைக்காரர், வெள்ளவத்தையில் பார்மசி நடத்துகிறவர் எல்லாரும் நடைமுறைக் கணக்குத் திறந்த கையோடு கேட்பது இதைத்தான். கணக்கில் காசு இல்லாத நாளிலும் செக் பாஸாகும். காசு விழுந்ததும் கடன் தானாக இறங்கும். மாதத் தவணை என்று ஒன்று கிடையாது. நாள் கணக்கில் காசு புரட்டுகிறவருக்கு இதைவிடப் பொருத்தமான கடன் வேறில்லை.

கோளாறு இருப்பது விலைச்சீட்டில். வாடிக்கையாளர் கேட்பது வட்டி வீதத்தை மட்டும். கணக்கைக் கடிப்பதோ பெரும்பாலும் வட்டியாக இருப்பதில்லை.

முதலில் எந்த ஓடி என்று பிரித்துக்கொள்ள வேண்டும். மூன்று விதமாக அது வரும். வரையறை போட்டு, ஒப்பந்தம் எழுதி, வழக்கமாக ஒரு வருடத்துக்குத் தருவது முதலாவது. ‘நிரந்தர ஓடி’ என்று பெயர், ஆனால் நிரந்தரம் ஒன்றும் இல்லை. இரண்டாவது தற்காலிக ஓடி. காலையில் கிளை முகாமையாளருக்குப் போன் எடுத்து, “இண்டைக்கு ஒரு செக் வருகுது சேர், நாளைக்குக் காசு போட்டுவிடுறன்” என்று கேட்டு வாங்குவது. மூன்றாவது யாரும் கேட்காமலே விழுவது. வரையறையைத் தாண்டி வந்த செக்கை வங்கி திருப்பாமல் பாஸ் பண்ணிவிடும், அல்லது ஏதோ ஒரு கட்டணம் கழிந்து கணக்கு மைனஸுக்குப் போய்விடும். மூன்றும் வங்கிக் கூற்றில் ஒரே மாதிரி மைனஸாகத் தெரிந்தாலும் விலை வெவ்வேறு, சட்டப் பாதுகாப்பும் வெவ்வேறு.

வட்டிக் கணக்கு நேரானது. ஒவ்வொரு நாள் முடிவிலும் கணக்கு எவ்வளவு மைனஸில் நிற்கிறதோ அதற்கு அன்றைய வட்டி. 5 இலட்சம் வரையறையில் 3 இலட்சத்தை 12 நாள் பாவித்தால், 20 வீத வட்டியில், 3,00,000ஐ 0.20ஆலும் 12ஆலும் பெருக்கி 365ஆல் வகுக்க 1,972 ரூபா 60 சதம். பாவிக்காத 2 இலட்சத்துக்கு வட்டி இல்லை. மாத முடிவில் அந்த வட்டியும் அதே கணக்கில்தான் கழியும். அதை ஈடுகட்டக் காசு போடாவிட்டால் அடுத்த மாதம் வட்டிக்கும் வட்டி ஓடும். இப்படி மாதாமாதம் வட்டி ஏறினால், வருடத்துக்கு 20 வீதம் என்றது வருடக் கடைசியில் 21.94 வீதமாக நிற்கும்.

இனிக் கட்டணம். கற்பனைக் கடை ஒன்றின் ஒரு வார இறுதியைப் பார்க்கலாம். தொகைகள் கணக்குக்காக வைத்தவை, நடப்பு அச்சொட்டாக இப்படித்தான். வரையறை 5,00,000. வெள்ளிக்கிழமை கணக்கு 4,30,000 மைனஸில் நிற்கிறது. பின்னேரம் கிளையின் கிளியரிங் நேரம் முடிந்த பிறகு, வாடிக்கையாளர் தந்த 1,20,000 ரூபாச் செக்கை முதலாளி போடுகிறார். கைப்பேசியில் வங்கியின் அப்ஸைத் திறந்து பார்த்தால் கணக்கு மீதி 3,10,000 மைனஸ் என்று காட்டலாம். முதலாளிக்கு நிம்மதி. ஆனால் பக்கத்திலேயே இன்னொரு வரி இருக்கும்: எடுக்கக்கூடிய மீதி. அதில் இந்த 1,20,000 இல்லை. 2006இல் இருந்து இலங்கையில் செக் தாள் வங்கிக்கு வங்கி பயணிப்பதில்லை, படம்தான் போகிறது. அப்படிப் போனாலும் காசு தேறுவது அடுத்த வேலைநாளில். வெள்ளி பின்னேரம் போட்டது திங்கள்தான் கிளியரிங்குக்குப் போகும், செவ்வாய்தான் தேறும்.

திங்கட்கிழமை, மொத்தக் கடைக்கு இவர் எழுதிக் கொடுத்த 1,50,000 செக் வந்து நிற்கிறது. 4,30,000உடன் 1,50,000 சேர 5,80,000. வரையறைக்கு மேல் 80,000. இப்போது வங்கிக்கு இரண்டு வழி. பாஸ் பண்ணினால் மேலதிகமான 80,000க்கு ஒரு நாள் வட்டி, 28 வீதம் என்று வைத்தாலும் 61 ரூபாதான். அதோடு வரையறை தாண்டியதற்கு ஒரு தட்டையான கட்டணம் 1,500 ரூபா என்று வையுங்கள். வட்டியைப் போல 24 மடங்கு. அந்த 1,500ஐ வருட வட்டியாக மாற்றினால் 684 வீதம் வரும். “வட்டி எவ்வளவு?” என்று மட்டும் கேட்டவர் அந்த 61 ரூபாவை மட்டும்தான் கேட்டிருக்கிறார்.

வங்கி செக்கைத் திருப்பினால் இன்னும் மோசம். எழுதியவரின் கணக்கில் திருப்பிய கட்டணம். வாங்கியவரின் வங்கியும் அவரிடம் அறவிடும், அவர் அதை உங்கள் பில்லில் ஏற்றுவார். மொத்தக் கடைக்காரர் புதன்கிழமை மறுபடி போட்டு மறுபடியும் திரும்பினால் எல்லாம் இரண்டாவது தடவை. காசு இல்லாமல் திரும்பிய செக் கடன் தகவல் பணியகத்தின், அதாவது கிரிப்பின், அறிக்கையிலும் தெரியும். நாளைக்கு லீசிங்குக்கு விண்ணப்பிக்கும்போது அது முன்னால் வந்து நிற்கும். கணக்கில் காசு இல்லை என்று தெரிந்தே செக் எழுதுவது 1990ஆம் ஆண்டின் 2ஆம் இலக்கக் கடன் அறவிடல் (விசேட ஏற்பாடுகள்) சட்டத்தின் கீழ் குற்றமும்கூட. ‘போட்டுப் பார்ப்பம்’ என்று எழுதும் பின்திகதிச் செக்குகள் புறக்கோட்டையில் சர்வசாதாரணம். சட்டத்துக்கு அது சாதாரணம் இல்லை.

இதற்கு மருந்து சின்னது. செக் எழுதும்போது கணக்கு மீதியைப் பார்க்கவே வேண்டாம், எடுக்கக்கூடிய மீதியை மட்டும் பாருங்கள். கிளையில் செக் போடும் கடைசி நேரத்தைக் கேட்டு மேசையில் எழுதி ஒட்டுங்கள், கிளைக்குக் கிளை அது மாறும். அவசரத் தொகை என்றால் வாடிக்கையாளரிடம் செக் வாங்காமல் உடனடி இணையப் பரிமாற்றம் கேளுங்கள். அது நிமிடக் கணக்கில் வந்துவிடும். மேலே சொன்ன கடைக்காரர் திங்கள் காலை 80,000 ரூபாவை அப்படி எங்கிருந்தாவது போட்டிருந்தால் கதை முடிந்தது. அதுவும் முடியாவிட்டால் செக் வருவதற்கு முன்பே போன் எடுத்துத் தற்காலிக ஓடி கேட்க வேண்டும். வந்த பிறகு எடுக்கும் போன் வேறு சாதி.

ஏன் வேறு சாதி? 2023 ஓகஸ்டில் மத்திய வங்கி சில கடன்களுக்கு உச்ச வட்டி போட்டது: அடகுக்கு 18 வீதம், தற்காலிக ஓடிக்கு 23, கிரெடிட் காட்டுக்கு 28. தண்ட வட்டி வருடத்துக்கு 2 வீதத்துக்கு மேல் போகக்கூடாது என்றும் சொன்னது. 2020 ஓகஸ்டில் அதே தற்காலிக ஓடிக்குப் போட்ட உச்சம் 16. எண்கள் காலத்தோடு மாறுபவை, எனவே கையெழுத்து வைக்கும் நாளில் நடப்பில் உள்ளதைக் கேட்டே ஆகவேண்டும். கவனிக்க வேண்டியது சொல்லை. அந்த உச்சம் ‘முன்கூட்டியே ஒழுங்கு செய்த’ தற்காலிக ஓடிக்கு. கேட்காமல் விழுந்த மைனஸ் அந்தச் சொல்லுக்குள் வராது. ஒரு போன் அழைப்புக்கும் ஒரு குறுஞ்செய்திக்கும் உள்ள பெறுமதி இதுதான். வாய்ச்சொல்லாக விடாமல், “இன்று 80,000 ரூபாவுக்கு, நாளை வரை, எத்தனை வீதத்தில், என்ன கட்டணத்தில்” என்று ஒரு மின்னஞ்சல் அனுப்பிப் பதில் வாங்கி வையுங்கள்.

18, 23, 28 என்ற அந்த வரிசையையும் பாருங்கள். மூன்று வாரத்துக்கு 50,000 தேவைப்படும் சம்பளக்காரருக்கு, வீட்டில் நகை இருந்தால் வங்கி அடகு, இல்லாவிட்டால் தற்காலிக ஓடி, கடைசியில்தான் கிரெடிட் காட்டில் காசு எடுப்பது. காட்டில் எடுத்தால் எடுத்த நாளிலேயே கட்டணம், அன்றிலிருந்தே வட்டி.

வட்டி வீதம் எதோடு கட்டப்பட்டிருக்கிறது என்பதையும் பலர் கேட்பதில்லை. பெரும்பாலான வணிக ஓடிகள் மத்திய வங்கி வாராவாரம் வெளியிடும் சராசரி நிறையேற்றப்பட்ட முதன்மைக் கடன்வழங்கல் வீதத்தோடு, அதாவது முதல்தர வாடிக்கையாளரிடம் வங்கிகள் வாங்கும் வட்டியின் சராசரியோடு, கூட்டு ஒன்று சேர்த்து நிர்ணயிக்கப்படும். அந்த வீதம் 2022 கடைசியில் 27ஐத் தாண்டி நின்றது, 2023 முடியும்போது 12 அளவுக்கு இறங்கிவிட்டது. ஒப்பந்தத்தில் ‘மாதாமாதம் மீளாய்வு’ என்று இருந்தவருக்கு அந்த இறக்கம் தானாகக் கிடைக்கும். ‘வங்கி தீர்மானிக்கும்போது மீளாய்வு’ என்று இருந்தவர் கிளைக்குப் போய்க் கேட்க வேண்டும். ஏறும்போது கடிதம் தேடி வரும். இறங்கும்போது நாங்கள்தான் கடிதம் எழுத வேண்டும்.

வரையறைக்கு வருவோம். ஓடி என்பது வங்கி கேட்டவுடன் திருப்பிக் கட்ட வேண்டிய கடன். வரையறை முடியும் திகதி ஒன்று ஒப்பந்தத்தில் இருக்கும். புதுப்பிக்காமல் அந்தத் திகதி போனால் எடுத்த முழுத்தொகையும் வரையறைக்கு மேல் எடுத்ததாகக் கணிக்கப்படலாம். வாடிக்கையாளர் ஒன்றும் பிழை செய்யவில்லை, கணக்கறிக்கையைக் கொண்டுபோய்க் கொடுக்கத்தான் பிந்தினார். ஆனால் தண்ட வட்டி அடுத்த நாளே தொடங்கும். 90 நாள் அப்படியே கிடந்தால் வங்கி அதைச் செயற்படாக் கடனாக வகைப்படுத்தும், கிரிப்பிலும் விழும். முடிவுத் திகதிக்கு இரண்டு மாதம் முன்னமே கைப்பேசியில் நினைவூட்டல் வையுங்கள். புதுப்பிக்கவும் கட்டணம் உண்டு, அதை விட்டுக்கொடுக்கச் சொல்லிக் கேட்பதில் தப்பில்லை. பழைய வாடிக்கையாளருக்குப் பல கிளைகள் குறைத்துக் கொடுக்கும்.

இன்னொரு சிறு எழுத்து: ஈடுசெய்யும் உரிமை. கணக்குத் திறக்கும் படிவத்திலேயே, ஓடி மைனஸை உங்கள் சேமிப்புக் கணக்கில் இருந்து எடுத்து நிரப்ப வங்கிக்கு அதிகாரம் கொடுத்திருப்பீர்கள். பிள்ளையின் பள்ளிக் கட்டணத்துக்கு வைத்த காசும் கடையின் ஓடியும் ஒரே வங்கியில் இருப்பது அதனால் நல்லதல்ல.

சேமிப்புக் கணக்குக்கு ஓடி இல்லை, ஆனால் மைனஸ் இருக்கலாம். டெபிட் காட்டின் வருடக் கட்டணம், குறுஞ்செய்திக் கட்டணம், ஆகக்குறைந்த மீதி இல்லாததற்கான கட்டணம் என்று வெறும் கணக்கில் ஏறிக்கொண்டே போகும். பாவிக்காத கணக்கை மூடுங்கள், அவ்வளவுதான்.

இந்த வசதியை ஒருபோதும் எடுக்கக் கூடாதவர் யார் என்றால், எப்போதும் அடியிலேயே கிடப்பவர். 5 இலட்ச வரையறையில் வருடம் முழுக்க 4 இலட்சம் மைனஸில் நிற்கிறதென்றால் அது ஓடியாக நடக்கவில்லை, தவணை இல்லாத நெடுங்கடனாக நடக்கிறது. 20 வீதத்தில் வருடம் 80,000 வட்டி, மூன்று வருடத்தில் 2,40,000, அதற்குப் பிறகும் 4 இலட்சம் அப்படியே நிற்கும். அதே 4 இலட்சத்தை 16 வீதத்தில் மூன்று வருடத் தவணைக் கடனாக மாற்றினால் மாதம் ஏறக்குறைய 14,060 ரூபா, மொத்த வட்டி 1,06,000 அளவு, கடைசி மாதத்தில் கடன் பூச்சியம். கிளையில் இதை நீங்கள்தான் கேட்க வேண்டும், ஓடி ஒழுங்காக வட்டி ஈட்டிக்கொண்டிருக்கும்வரை அவர்களாகச் சொல்லமாட்டார்கள். கூற்றைப் பன்னிரண்டு மாதத்துக்கு விரித்துப் பாருங்கள். ஒரு மாதத்திலாவது பிளஸுக்கு வந்திராவிட்டால் மாற்றுங்கள்.

எங்கள் பார்வையில் ஓடிகளில் ஆகச் சிறந்தது நிலையான வைப்பின் பேரில் எடுப்பது. வைப்பை உடைக்கத் தேவையில்லை. வைப்புத் தொகையில் ஒரு பெரும்பங்கு வரை வரையறை தருவார்கள், வட்டி வைப்பு வட்டிக்குச் சிறிது மேலே நிற்கும், சொத்து ஈடு, சட்டத்தரணிக் கட்டணம் ஒன்றும் இல்லை. பாவித்த நாட்களுக்கு மட்டும் அந்தச் சிறு வித்தியாசம்தான் உண்மைச் செலவு. வைப்பு முதிரும் திகதியும் ஓடி முடியும் திகதியும் ஒன்றாக இருக்கிறதா என்று மட்டும் பாருங்கள்.

லண்டனில் இருக்கும் சொந்தக்காரர் “இஞ்சை அப்பிடிக் கட்டணம் இல்லையே” என்று சொல்வது சரிதான். பிரித்தானியாவில் 2020 ஏப்ரலில் இருந்து ஓடிக்குத் தட்டையான நாட்கட்டணம் அறவிட முடியாது, ஒரே வருட வட்டியாகத்தான் சொல்ல வேண்டும். அமெரிக்காவில் 2010இல் இருந்து, டெபிட் காட் வாங்கலுக்கும் ஏடிஎம்முக்கும் ஓடிக் கட்டணம் எடுக்க வாடிக்கையாளர் முன்கூட்டியே சம்மதித்திருக்க வேண்டும். இங்கே காப்பு வேறு மாதிரி: கட்டணத்தைத் தடுப்பதைவிட, சொல்லாமல் எடுப்பதைத் தடுப்பது.

அந்தக் காப்பு 2023 ஓகஸ்டில் வர்த்தமானியில் வந்த நிதியியல் நுகர்வோர் பாதுகாப்பு ஒழுங்குவிதிகள். அதற்கு முன் 2011இல் இருந்து இருந்தது வாடிக்கையாளர் பட்டயம் மட்டும். இப்போது வட்டியும் கட்டணமும் முன்கூட்டியே தெரிவிக்கப்பட்டிருக்க வேண்டும், ஒப்பந்தத்தின் முக்கிய விபரங்கள் விளங்கும்படி தரப்பட வேண்டும், முறைப்பாட்டைக் கேட்க வங்கிக்குள்ளேயே ஒழுங்கு இருக்க வேண்டும். நடைமுறையில், முன்பக்கத் துண்டுப்பிரசுரம் தமிழில் இருக்கும், கையெழுத்து வைக்கும் பதினைந்து பக்க ஒப்பந்தம் பெரும்பாலும் ஆங்கிலத்தில் இருக்கும். தமிழில் கேளுங்கள். கிடைக்கும்வரை கையெழுத்தைத் தள்ளிப்போடுங்கள். குறைந்தது வட்டி, கட்டணம், முடிவுத் திகதி, ஈடு என்ற நான்கு பந்திகளையாவது அதிகாரி தமிழில் எழுதித் தரட்டும்.

விளங்காத ஒரு கழிவு கூற்றில் தெரிந்தால் கவுண்டரில் சண்டை பிடித்துப் பலனில்லை. எழுத்தில் கொடுங்கள். திகதி, தொகை, கூற்றில் அந்த வரி எழுதப்பட்டிருக்கும் விதம் அப்படியே, ஒப்பந்தத்தின் எந்தப் பந்தியின்படி எடுத்தார்கள் என்ற கேள்வி, திருப்பித் தர வேண்டிய தொகை. ‘அநியாயமாக எடுத்துவிட்டீர்கள்’ என்ற வசனத்துக்கு ‘வருந்துகிறோம்’ என்று பதில் வரும். ‘எந்தப் பந்தி?’ என்ற கேள்விக்குப் பந்தி இலக்கம் வரும், அல்லது காசு திரும்பும். நேரம் பதிந்த வைப்புச் சீட்டு, குறுஞ்செய்தியின் படம், வங்கி இணையத்தளத்தில் அன்றைய கட்டண அட்டவணையின் பிரதி எல்லாவற்றையும் இணைத்து, முறைப்பாட்டு இலக்கம் வாங்காமல் வெளிக்கிடாதீர்கள்.

பதில் வராவிட்டால், அல்லது பதில் சரியில்லை என்றால், அடுத்தது மத்திய வங்கியின் நிதியியல் நுகர்வோர் உறவுகள் திணைக்களம். கோட்டை ஜனாதிபதி மாவத்தையில் இருக்கிறது, தொலைபேசி 1935. நேரே அங்கே போனால் முதல் கேள்வி ‘வங்கிக்கு எழுத்தில் கொடுத்தீர்களா?’ என்பதாகத்தான் இருக்கும், அதனால்தான் அந்த முறைப்பாட்டு இலக்கம். இன்னொரு கதவு வாடிக்கையாளர் முறைப்பாட்டை விசாரிக்கும் நிதியியல் ஒம்புட்ஸ்மன். 2003இல் இருந்து இயங்குகிறது, சேவை இலவசம், சட்டத்தரணி தேவையில்லை. இரண்டு இடத்திலும் ஒன்றை எதிர்பார்க்காதீர்கள்: ஓடி வரையறையைக் கூட்டித் தரச் சொல்லி வங்கியை யாரும் வற்புறுத்தமாட்டார்கள், அது வங்கியின் வியாபாரத் தீர்மானம். பிழையாக எடுத்த கட்டணம், சொல்லாமல் ஏற்றிய வட்டி, தவறுதலாகத் திருப்பிய செக் என்றால் போகலாம். வழக்கு நீதிமன்றத்துக்குப் போன பிறகு இந்தக் கதவுகள் அடைபட்டுவிடும், எனவே வரிசையைக் குழப்பாதீர்கள்.

ஓடியை மூடும்போது மைனஸைக் கட்டினால் மட்டும் போதாது. மாத நடுவில் கட்டினால் அன்றுவரைக்குமான வட்டி மாதக் கடைசியில்தான் கழியும். கணக்குப் பூச்சியம் என்று நினைத்து விட்டால் சில நூறு ரூபா மைனஸ் பிறகு முளைக்கும். மூடும் திகதிவரை வட்டியைக் கணக்கிட்டுச் சொல்லும்படி கேட்டு, அதையும் சேர்த்துக் கட்டுங்கள். கணக்கில் இருந்து தானாகக் காசு போகும் நிலையான கட்டளைகளை நிறுத்துங்கள், மீதிச் செக் தாள்களைத் திருப்பிக் கொடுங்கள், வெளியில் உங்கள் பின்திகதிச் செக் ஒன்றாவது இன்னும் கிடக்கிறதா என்று பாருங்கள். வைப்போ காணி உறுதியோ ஈடாக வைத்திருந்தால் விடுவித்த கடிதமும், வரையறை நீக்கப்பட்டது என்ற கடிதமும் கைக்கு வர வேண்டும். ஒன்றிரண்டு மாதம் கழித்துக் கிரிப்பில் உங்கள் சொந்த அறிக்கையை எடுத்து, அந்த ஓடி மூடப்பட்டதாகக் காட்டுகிறதா என்று பாருங்கள். காட்டாவிட்டால் திருத்த வேண்டியது வங்கி. அப்போது அந்த இரண்டு கடிதத்தையும் மேசையில் வையுங்கள்.